கைராசியுள்ள சன்னல்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுத வேண்டும். உள்நோயாளியாகச் சேருகிறவர்களுக்குப் பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும். கேஸ் ஷீட்டுகளைக் கட்டிப் பின்பக்கத்து ரிக்கார்டு ரூமில் அடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய இரண்டு பேர் இருந்தோம். ஆண்களுக்கு ஒரு சன்னல், பெண்களுக்கு ஒரு சன்னல். பெண்கள் சன்னல் என்னுடையது.

ஆண்கள் சன்னலில் இருந்தவர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். சின்னாளபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீடு முழுக்கத் தறி. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால், ரகசியம் சொன்னாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அவர் ஆண்களிடம் கேட்கிற கேள்விகள் இந்தப் பக்கமும் கேட்டு, என் சன்னலில் நிற்கிற பெண்கள் பதில் சொல்லிவிடுவார்கள். நோயாளிகள் அவரைச் சீட்டையா என்றார்கள். என்னைச் சீட்டம்மா என்றார்கள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கல்யாணமும் ஆகவில்லை. ஆனாலும் அம்மா ஆகிவிட்டேன்.

அவருடைய கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். என்னுடையது அச்சுக் கோத்தது போல இருக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததில் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போனது என்பதற்காகச் சொல்கிறேன்.

எரியோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருக்கு விக்கல். நாலைந்து நாளாக நிற்கவில்லையாம். தண்ணீர் குடித்துப் பார்த்து, சர்க்கரை தின்று பார்த்து, மூச்சை அடக்கிப் பார்த்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். சீட்டையா பெயரைக் கேட்டார். பெயரின் முன்பாதி வந்தது, விக்கல் வந்தது, பின்பாதி வரவில்லை. மறுபடி கேட்டார். இந்த முறை பின்பாதி மட்டும் வந்தது. அப்பா பெயர் கேட்டபோதும் அதே கதை. அப்பாவின் பாதியும் மகனின் பாதியும் சேர்ந்து சீட்டில் புதிதாக ஓர் ஆள் பிறந்துவிட்டான். சீட்டையா அதை அடித்துவிட்டு, சன்னல் ஓட்டைக்குள் முகத்தை நுழைத்துத் தறிச் சத்தத்தில் கத்தினார்.

“யோவ், முழுசா ஒரு பேரைச் சொல்லுய்யா!”

அந்த மனிதர் ஓரடி பின்னால் தள்ளிப் போய் நின்றார். பெயரை முழுதாகச் சொன்னார். அப்பா பெயரையும் சொன்னார். ஊரையும் சொன்னார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுத் தன் தொண்டைக்குள்ளேயே காதை வைத்துக் கேட்கிற மாதிரி நின்றார். நாங்களும் காத்திருந்தோம். விக்கல் வரவில்லை.

அவர் சீட்டை வாங்கி நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். டாக்டர் ரூம் இந்தப் பக்கம் என்று சீட்டையா கூப்பிட்டார்.

“அதான் நின்னு போச்சே சாமி. டாக்டரு என்னத்துக்கு?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அவர் அந்த வாரமே அய்யலூர் சந்தைக்கு ஆடு விற்கப் போயிருக்கிறார். ஆட்டுச் சந்தையில் ஒரு செய்தியைச் சொன்னால் அது ஆட்டோடு சேர்ந்து பல ஊருக்கும் போய்விடும். போகிற வழியில் வளரவும் செய்யும். சீட்டையா பேனாவைத் தாளில் வைத்ததும் விக்கல் நின்றது என்று ஓர் ஊரில் சொன்னார்கள். அவர் ஏறிட்டுப் பார்த்ததுமே நின்றது என்று அடுத்த ஊரில் சொன்னார்கள். பத்து வருடத்து இழுப்பு நின்றதாகவும் யாரோ சொன்னார்கள். அவருக்குக் கைராசி என்று முடிவாகிவிட்டது.

கூட்டம் வர ஆரம்பித்தது. சத்தம் போடுகிற ஐயா எந்தச் சன்னல் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். விக்கல்காரருக்குச் சத்தம் போட்டதும்தான் குணமானது என்ற விவரம் தெரிந்தவர்கள் சிலர் இருந்தார்கள். சீட்டையா அவர்களிடம் தணிந்து பேசினால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நிற்பார்கள். மூட்டுவலிக்காரப் பெரியவர் ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“ஐயா, என்னையும் ஒரு சத்தம் போடுங்கய்யா. அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்கேன்.”

சீட்டையா முதலில் இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஒரு மனிதனிடம் நூறு பேர் நீ மகான் என்று சொன்னால் நூற்றியோராவது ஆளாக அவனும் சேர்ந்துகொள்வான் போலிருக்கிறது. திருநீறு பூசாமல் வந்துகொண்டிருந்தவர் மூன்று விரலால் இழுத்துப் பூசிக்கொண்டு வந்தார். பேனாவைத் துடைப்பதற்கென்று தனியாக ஒரு சுங்குடித் துணி வைத்துக்கொண்டார். என் பேனாவின் நிப்பு முறிந்த ஒருநாள் அவருடையதைக் கொஞ்சம் கேட்டேன். எத்தனையோ தடவை வாங்கி எழுதிய பேனாதான். அன்றைக்குக் கொடுக்கவில்லை. “கை மாறக் கூடாதும்மா” என்றார். சாயங்காலம் அவர் பஸ் ஏறும்போது பையில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் நோயாளிகள் கொண்டுவந்தவை.

என் சன்னலுக்கு வந்தவர்கள் கக்கூஸ் எங்கிட்டு இருக்கு என்று கேட்டவர்கள்தான்.

பெண்கள் எங்கே போனார்கள் என்று எனக்கு ஒரு வாரம் புரியவில்லை. ஆஸ்பத்திரி நிறைய இருந்தார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்குக் கொண்டுவந்த பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். என் சன்னலுக்கு மட்டும் வரவில்லை. ஆண்கள் வரிசையில் பெண்கள் நிற்க முடியாதே. அதனால் புருஷன்மாரை அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆண்கள் தங்கள் பெயரைச் சொல்லி, மனைவியின் நோயைச் சொல்லிச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். சீட்டையாவும் எழுதியிருக்கிறார்.

இதை நான் அவரிடம் கேட்டேன். நோயாளி சொல்வதை எழுதுவதுதான் நம் வேலை, சொன்னது சரியா என்று பார்ப்பது டாக்டர் வேலை என்று பதில் சொன்னார். அவர் இந்தக் கொள்கையில் உறுதியாக இருந்ததால் விஷயம் டாக்டர் வரைக்கும் போனது.

ஆண்களைப் பார்க்கும் டாக்டர் சென்னையில் படித்து முடித்துவிட்டுப் புதிதாக வந்திருந்தவர். அவருடைய அறை எங்கள் அறைக்கு அடுத்தது. நடுவில் கதவு இல்லை, திரைதான். ஒருநாள் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் சீட்டை நீட்டினார். டாக்டர் வாங்கிப் படித்தார். பெயர் ஆண் பெயர். வயது நாற்பது. அதற்குக் கீழே, ஆறு மாதம், கால் வீக்கம், பிள்ளை துள்ளுகிறது என்று எழுதியிருந்தது.

டாக்டர் இது யாருடைய சீட்டு என்று கேட்டார்.

“என்ற சீட்டுத்தானுங்க.”

“ஆறு மாசமா?”

“ஆமாங்க. சீட்டு மட்டும் எனக்குங்க. புள்ளை அவகிட்டத்தானுங்க இருக்குது. மரத்தடியில உக்காந்திருக்கறாளுங்க.”

டாக்டர் திரையைத் தள்ளிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். கையில் ஒரு கத்தைச் சீட்டு. அந்த வாரத்தில் மட்டும் அவர் தெரியாமலேயே பல ஆண்களுக்குத் தாய்மாருக்கான டானிக் எழுதிக் கொடுத்திருந்தார். முகம் சிவந்துபோய் அவர் பேசியதில் பாதி ஆங்கிலம். சீட்டையாவுக்குப் புரியாத பாதி அதுதான் என்று நினைக்கிறேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் எதையும் சத்தமில்லாமல் முடித்துவிட நினைக்கிறவர். பெண்களுக்கு இவர்தான் வேண்டுமென்றால் இவர் பெண்கள் சன்னலுக்குப் போகட்டும், நீங்கள் ஆண்கள் சன்னலுக்குப் போங்கள் என்று இடத்தை மாற்றிவிட்டார். அவருக்கு இது எளிய வழியாகத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மறுநாள் ஆண்கள் எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மனைவிமார் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

பெண்களைப் பார்த்த லேடி டாக்டர் வயதானவர், கண்டிப்பானவர். அவர் சிரித்து ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை. வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் சீட்டில் மீசைக்கு அடியில் படை, சிரைத்தால் எரிகிறது என்று எழுதியிருந்தது. லேடி டாக்டர் சீட்டைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் உதட்டுக்கு மேலே பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். பிறகு அறைக்குள்ளிருந்து வந்த சத்தத்தை நாங்கள் இருமல் என்று நினைத்தோம். நர்சம்மா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, டாக்டரம்மா சிரிக்கிறாங்க என்று எல்லோரிடமும் சொன்னார்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. சீட்டையாவை ரிக்கார்டு ரூமுக்கு அனுப்பிவிட்டார். கேஸ் ஷீட் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும், சன்னல் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு. இரண்டு சன்னலும் என் தலையில் விழுந்தன. நான் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி எழுதினேன். ராத்திரி படுத்தால் கழுத்து வலிக்கும். அதற்குச் சீட்டு எழுத ஆள் இல்லை.

ஆனால் ரிக்கார்டு ரூமுக்கும் பின்பக்கம் ஒரு சன்னல் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு சனங்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பின்னால் போனார்கள். சீட்டையா கம்பிக்கு இடையே கையை நீட்டி வாங்கி, மூலையில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார். சன்னல் பக்கம் வரக் கூடாது என்றுதானே சொன்னார்கள், இந்தச் சன்னலைச் சொல்லவில்லையே என்று என்னிடம் நியாயம் பேசினார். என் சீட்டு ஒவ்வொன்றிலும் அவருடைய மசிப்புள்ளி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புது டாக்டர் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம், ஏதாவது சர்க்கார் உத்தரவு வந்திருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அதற்குப் பிறகு புள்ளி இல்லாத சீட்டு வந்தால் அவரே சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் ரிக்கார்டு ரூமிலிருந்து சீட்டையாவின் குரல் கேட்டது. வார்த்தை ஏதுமில்லாமல் வெறும் குரலாக வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கேஸ் ஷீட் கட்டின்மேல் சுருண்டு படுத்திருந்தார். வலது பக்க அடிவயிற்றைப் பிடித்திருந்தார். சர்ஜன் வந்து அழுத்திப் பார்த்தார். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே அறுக்க வேண்டும் என்றார்.

அறுப்பதென்றால் முதலில் உள்நோயாளியாகப் பதிவு செய்ய வேண்டும். வார்டு பாய்கள் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு, விதிப்படி என் சன்னலுக்கு முன்னால் கொண்டுவந்து இறக்கினார்கள். வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். பின்பக்கம் புள்ளிக்காகக் காத்திருந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

சீட்டையா படுத்தபடியே கையை நீட்டினார். “ஏம்மா, பேனாவைக் குடு. எனக்கு நானே எழுதிக்கிறேன்.”

நோயாளி தன் சீட்டைத் தானே எழுதக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. யாருக்கும் அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்காது. கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர்தான் குறுக்கே பேசினார்.

“சும்மா இருங்கய்யா. தனக்குத் தானே எழுதிக்கிட்டா பலிக்காது. சீட்டம்மா எழுதட்டும்.”

சீட்டையாவுக்கும் அது சரியாகப் பட்டிருக்க வேண்டும். கையை மடக்கிக்கொண்டார். அவர் கண்ணில் தெரிந்த பயம் கத்தியைப் பற்றியதா என் கையைப் பற்றியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோரிடமும் கேட்பது போல அவரிடமும் கேட்டேன். பெயர் சொன்னார். அப்பா பெயர் சொன்னார். வயது கேட்டபோது, சர்வீஸ் புத்தகத்தில் உள்ளது வேண்டுமா, நிஜம் வேண்டுமா என்று முனகினார். அந்தக் குரலை அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை. என்ன தொந்தரவு என்று கேட்டேன். வயிற்று வலி என்றார். எப்போதிருந்து என்று கேட்டேன்.

“நேத்து நீ குடுத்த வடையிலருந்து” என்றார்.

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. அந்த வடையை நானும் தின்றேன், கம்பவுண்டரும் தின்றார், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் வயிற்று வலி என்று மட்டும் எழுதப் போனேன். எழுதும் முன்னால் நிப்பை என் முந்தானையில் துடைத்தேன். கைராசியெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அதுவரை தினமும் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் அச்சுக் கோத்த எழுத்து அன்றைக்கு அவருடைய கோழிக்கிளறல் போலவே வந்தது.

அவரைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். கூட்டம் கலையவில்லை. அப்படியே நகர்ந்து தியேட்டருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய மனைவிக்குச் சொல்லிவிட்டிருந்தோம், இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு சன்னலிலும் யாரும் இல்லாததால் நானும் அங்கே போய் நின்றேன். சீட்டையா மேல் எனக்கு எரிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், என் கையால் எழுதியதால் ஆனது என்று இந்த ஜில்லா முழுக்கச் சொல்வார்கள். கம்பவுண்டர் ஆறுதல் சொல்வது போல வந்து, “எல்லாரும் ஒங்க கையைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

சர்ஜன் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது, இனிப் பயமில்லை என்றார். வழக்கமாக இப்படிச் சொன்னால் டாக்டரைக் கும்பிடுவார்கள். அன்றைக்கு எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து, உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கும் காட்டினாள். சர்ஜன் கையுறையைக் கழற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சீட்டையாவுக்குத் தையல் சீக்கிரமே சேர்ந்துவிட்டது. வார்டில் படுத்தபடி, எழுதினது அந்தப் பிள்ளைதான், ஆனால் நிப்பை நான் துடைக்கிற மாதிரியே துடைத்தது, நான் பார்த்தேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். குரல் பழையபடி வந்துவிட்டதால் அது என் சன்னல் வரைக்கும் கேட்டது.

அவர் வேலைக்குத் திரும்புவதற்குள் சனங்கள் தாங்களாகவே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மருந்துக்குச் சீட்டையா கை. அறுக்கிற கேசுக்குச் சீட்டம்மா கை. அவ்வளவுதான், சண்டை தீர்ந்தது. பெரிய டாக்டரும் சீட்டையாவை மறுபடி சன்னலில் உட்கார விட்டுவிட்டார். காய்ச்சல், இருமல், சீதபேதி எல்லாம் அவர் சன்னலுக்குப் போயின. கட்டி, குடலிறக்கம், மூலம், கண்ணில் சதை எல்லாம் என் சன்னலுக்கு வந்தன. பெரிய டாக்டர் ஒருநாள் வராந்தாவில் நின்று இரண்டு வரிசையையும் பார்த்தார். இரண்டிலும் ஆணும் பெண்ணும் கலந்து நின்றார்கள். சத்தமில்லாமல் ஆண்கள், பெண்கள் என்ற இரண்டு பலகைகளையும் கழற்றச் சொல்லிவிட்டார். புது டாக்டருக்குச் சரியான ஆட்கள் சரியான சீட்டோடு வந்தார்கள். அதனால் அவர் சந்தோஷப்பட்டார். புள்ளிதான் இல்லை.

சர்ஜன் படித்தவர், வெளிநாடெல்லாம் போய்வந்தவர். அவர் ஒருநாள் என் மேசைப் பக்கம் வந்து ஏதோ கேஸ் ஷீட்டைத் தேடுவது போல நின்றார். நாளைக்கு ஒரு பெரிய ஆபரேஷன் இருக்கிறது என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்பது போல, “அந்தச் சீட்டு நீங்கதானே எழுதினது?” என்றார். ஆமாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் நான் இன்னும் சில வருடங்கள் இருந்தேன். மதுரைக்கு மாற்றலாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சேவுகம்பட்டியிலிருந்து ஒரு கிழவி வந்தாள். முன்பு கண்ணில் சதை அறுக்க வந்தபோது நான்தான் அவளுக்குச் சீட்டு எழுதியிருந்தேன். அன்றைக்கு அவளுக்கு என் குரல் மட்டும்தான் தெரியும். இப்போது கண் திறந்து, சோடாப் பாட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பந்துக் கதம்பம் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். சன்னலுக்கு வந்து என்னை உற்றுப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

“எனக்குச் சீட்டு எழுதுனது நீதானா?” என்றாள்.

நான்தான் என்றேன். அவளுக்கு ஏமாற்றமாகிவிட்டது. நல்ல வாட்டசாட்டமாக, நரைத்த தலையோடு ஒரு பெரிய மனுஷியை அவள் மனதில் வைத்திருந்தாளாம். கையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள்.

“இம்புட்டூண்டு கையா இருக்கு” என்றாள். பூவைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று செத்த நேரம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். பிறகு சன்னலுக்குள் தலையை நீட்டி, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

“இன்னொரு கண்ணு பாக்கி கெடக்கு தாயி. அதுக்கும் நீயே எழுதிருதியா, இல்ல ஒங்கம்மா யாரும் இங்கன வேலை பாக்காகளா?”

நானேதான் எழுத வேண்டும் என்று சொல்லி, நிப்பைத் துடைத்துக்கொண்டு பெயரைக் கேட்டேன்.